நூற்றாண்டு விழா எடுத்தாயிற்று, பாட்டை எப்போது எடுப்பீர்கள்? சபா செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும், மார்கழிக் கச்சேரிப் பட்டியல் போடும் குழுவினருக்கும், இசைக் கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும் வணக்கம்.

2016ல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு நூற்றாண்டு. மத்திய அரசு நாணயம் வெளியிட்டது. ஊர் ஊராகக் கச்சேரி, கண்காட்சி, மலர். 2019ல் டி.கே. பட்டம்மாளுக்கு நூற்றாண்டு. அதையும் சிறப்பாகவே கொண்டாடினோம். இந்த இரண்டுக்கும் நடுவில், 2017ல், கர்நாடக இசைப் பாட்டுகள் இயற்றிய அம்புஜம் கிருஷ்ணாவுக்கு நூற்றாண்டு வந்து போனது. எத்தனை ரசிகர்களுக்கு நினைவிருக்கும்? இத்தனைக்கும் அவர் பாட்டைக் கேட்காத ரசிகர் இருக்க முடியாது. ரீதிகௌளையில் ‘குருவாயூரப்பனே அப்பன்’, கர்ணரஞ்சனியில் ‘ஓம் நமோ நாராயணா’, சுத்த தன்யாசியில் ‘அழகா அழகா’, ராகமாலிகையாக ‘கண்ணனிடம் எடுத்துச் சொல்லடி’, ‘அரவிந்த பதமலர்’. இவற்றில் ஒன்றாவது எல்லோருடைய காதிலும் விழுந்திருக்கும். யார் செய்த பாட்டு என்று கேட்டால்தான் யோசிப்பார்கள்.

விழா எடுக்கவில்லை என்று குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விழா எடுப்பது சுலபம். குத்துவிளக்கு, பொன்னாடை, நாலு பேர் பேச்சு, கடைசியில் மாணவிகள் சேர்ந்து பாடும் இரண்டு பாட்டு. மறுநாள் எல்லாம் பழையபடி. பாட்டு செய்தவரைக் கொண்டாட வேண்டுமென்றால் அவர் பாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும். அதுவும் கச்சேரியின் நடுவில், பாடகர் தன் முழு வித்தையையும் இறக்கும் இடத்தில். நான் கேட்பது அவ்வளவுதான்.

பாடும் பெண்களுக்கு மேடை திறந்த கதை நமக்குத் தெரியும். பட்டம்மாள், கச்சேரியின் கடினமான பகுதியான ராகம் தானம் பல்லவி பாடியபோது, பெண்ணுக்கு எதற்குப் பல்லவி என்றவர்கள் இருந்தார்கள். எம்.எஸ். 1968ல் சங்கீத கலாநிதி பெறும்வரை அந்தப் பட்டம் எந்தப் பெண்ணுக்கும் போகவில்லை. இன்று அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பெண் பாடகர்கள் இல்லாத சீசனை யாரும் கற்பனைகூடச் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்தப் பெண்கள் மேடையில் உட்கார்ந்து பாடுவது யாருடைய பாட்டுகளை? எந்தக் கச்சேரிப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். ராகம், தாளம் பக்கத்தில் இயற்றியவர் பெயர் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் ஒரு பெண்ணின் பெயர் வருவதே அபூர்வம். வந்தாலும் கடைசி இரண்டு வரிக்குள்தான் வரும்.

அம்புஜம் பாட்டு எழுத ஆரம்பித்தது 1951ல் என்பார்கள். தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு போனது அதற்குத் தூண்டுதலாக இருந்தது. அந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தியாகராஜருக்கு அங்கே கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூரு நாகரத்தினம்மாள். 1926ல் குடமுழுக்கு நடந்தது. சொத்தை விற்று அவர் கட்டிய இடத்திலேயே, ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டாகப் பிரிந்து நின்ற ஊரில் பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்று உண்டானது அப்படித்தான். 1940களின் தொடக்கத்தில் எல்லாரும் சமாதானமாகி ஒன்றாக நடத்த ஆரம்பித்தார்கள். அதற்குச் சுமார் பத்து வருஷம் கழித்து அதே ஊருக்கு வந்த மதுரைப் பெண் ஒருவர், பாடுவதோடு நிற்காமல் எழுதவும் உட்கார்ந்தார். 1989ல் மறைவதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம், இந்தி என்று 600க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதிவிட்டார். அறுநூறில் நமக்குக் காதில் விழுந்தவை எத்தனை? பத்து? பதினைந்து?

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் உடனே வரும். உங்களில் சிலர் இப்போதே மனதுக்குள் அதைச் சொல்லியிருப்பீர்கள். “அவர் சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், மட்டும்தானே எழுதினார், மெட்டு போட்டவர்கள் வேறு. அப்படியிருக்க அவரை எப்படி, வரியும் மெட்டும் தாமே செய்த வாக்கேயக்காரர் வரிசையில் வைப்பது?”

மெட்டு விஷயம் உண்மைதான். வி.வி. சடகோபன், எஸ். ராமநாதன், டி.என். சேஷகோபாலன் போன்ற பெரிய வித்வான்கள் அவர் பாடல்களுக்கு மெட்டமைத்தார்கள். அதை மறைக்க வேண்டாம், மறைக்கவும் கூடாது. ஆனால் அதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைத்துப் பாருங்கள்.

தமிழில் கீர்த்தனை செய்த முன்னோடிகளான தமிழ் மூவரில் ஒருவர் அருணாசலக் கவிராயர். ராமநாடகக் கீர்த்தனைகளுக்கு இசை அமைத்தவர்கள் அவருடைய மாணாக்கர்களான கோதண்டராமையரும் வேங்கடராமையரும். அந்த மெட்டுகளும் இன்று நாம் பாடுபவை அல்ல. பல பாடல்கள் இருபதாம் நூற்றாண்டில் வேறு ராகத்துக்கு மாறிவிட்டன. அதனால் கவிராயரை மூவரிலிருந்து இறக்கினோமா? மூவரில் இன்னொருவரான முத்துத் தாண்டவரின் பழைய மெட்டுகளும் நம் கைக்கு வரவில்லை. திருமலைப் பெருமாளைத் தெலுங்கில் பாடிய அன்னமாச்சாரியார் பாட்டு செப்பேட்டில் கிடைத்தது. எழுத்தும் ராகத்தின் பெயரும் இருந்தன, பாடும் முறை இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் உட்கார்ந்து மெட்டமைத்ததைத்தான் இன்று அன்னமாச்சாரியார் கீர்த்தனை என்று பாடுகிறோம். சதாசிவ பிரம்மேந்திரர் கதையும் அதுவே. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் பாடல்கள் பலவற்றுக்கு இன்றைய உருவம் கொடுத்தவர் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர். பாரதியார் தன் பாட்டுக்குத் தானே ராகம் குறித்து வைத்திருந்தும், நாம் பாடுவது பெரும்பாலும் பிறர் போட்ட மெட்டில்.

இவர்கள் யாரைப் பற்றியும் “சாகித்யம் மட்டும்தானே” என்று நாம் சொல்வதில்லை. மெட்டு வேறொருவர் கையிலிருந்து வந்தது என்பது ஒரு பெண் எழுதினால் மட்டும் குறையாகத் தெரிகிறது. எனக்கு இதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இவ்வளவு கறாராக ஸ்ருதி பார்க்கிறவர்கள் இந்த அபஸ்வரத்தை எப்படிக் கேட்காமல் விட்டார்கள்?

அடுத்ததாக ஒரு பதில் வரும்: “பாட்டில் கனம் இல்லை. எளிமையான பக்திப் பாட்டு. மெயினாக, கச்சேரியின் முக்கியப் பாட்டாக, எடுத்து விரிக்க இடம் போதாது.” இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. எல்லாப் பாட்டும் மெயினுக்கு ஆகாது. அறுநூறில் சுமாரானவையும் இருக்கும். எந்த வாக்கேயக்காரருக்குத்தான் இல்லை? ஆனால் கனம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பாடிப் பாடிச் சேர்ந்தது. ஒரு கீர்த்தனையில் இன்று பாடும் சங்கதிகள், அதாவது ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள், எல்லாமே முதல் நாளே வந்தவை அல்ல. சிஷ்ய பரம்பரை ஒன்று, அதற்கப்புறம் இன்னொன்று, நாகஸ்வரக்காரர்கள், வீணைக்காரர்கள் என்று ஆளுக்கொரு சங்கதி போட்டு அந்த உருவம் வந்தது. எங்கே ஒரு வரியை எடுத்துக் கற்பனையாக விரிக்கும் நிரவல் எடுக்கலாம், எந்த எடுப்பில் ஸ்வரம் போட்டால் கணக்கு வந்து விழும் என்பதெல்லாம் நூறு கச்சேரியில் பாடிப் பார்த்துக் கண்டுபிடித்த விஷயங்கள். கச்சேரிக் கடைசியில் வரும் சின்னப் பாட்டான துக்கடாவாக மூன்று நிமிஷம் பாடிவிட்டு மங்களத்துக்குப் போகும் பாட்டுக்கு அந்த வாய்ப்பே வராது. பாடாமல் வைத்துவிட்டு, கனம் இல்லை என்று அந்தப் பாட்டையே குறை சொல்வது நியாயமா?

துக்கடா நேரம் எப்படிப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும். தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் கேன்டீன் பக்கம் போகும். போனவர்களில் சிலர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். இருப்பவர்கள் கைப்பையைத் தேடிக்கொண்டு, கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு கேட்கும் நேரம் அது. பெண்கள் செய்த பாட்டு மேடையேறுவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஒரு வாக்கேயக்காரர் தானாகப் பெரியவர் ஆவதில்லை. அதற்கு நிறுவனங்கள் உழைத்திருக்கின்றன. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணமே அதுதான். சுவாதித் திருநாள் 1846ல் மறைந்தார். அவர் பாடல்கள் கச்சேரி மேடைக்குப் பரவலாக வந்தது 1930களுக்குப் பிறகு. திருவிதாங்கூர் அரண்மனை முத்தையா பாகவதரையும், அப்புறம் செம்மங்குடியையும் அழைத்துப் பாடல்களைத் தேடித் தொகுக்க வைத்தது, ஸ்வரப்படுத்தி அச்சிட்டது, 1939ல் தொடங்கிய இசைக் கல்லூரியில் பாடமாக வைத்தது. கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கமும் மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை ஸ்வரக் குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. பாட்டு கையில் இருந்ததால்தான் வித்வான்களால் பாட முடிந்தது. 1978ல் திருமலை தேவஸ்தானம் அன்னமாச்சாரியாருக்காகத் தனியாக ஒரு திட்டமே ஆரம்பித்தது. எம்.எஸ். பாடிய பாலாஜி பஞ்சரத்தினமாலை இசைத்தட்டுகளும் வெளிவந்தன. இன்று அன்னமாச்சாரியார் இல்லாத கச்சேரிப் பட்டியலைத் தேட வேண்டியிருக்கிறது. ஐந்நூறு வருஷம் கழித்து ஒருவரைக் கொண்டுவர முடிந்திருக்கிறது. அம்புஜத்தின் பாடல்கள் ‘கீதமாலா’ என்ற பெயரில் தொகுதிகளாக அச்சிலேயே வந்திருக்கின்றன. செப்பேடு தேடிக் குகைக்குள் போக வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்புஜம் வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர். கணவர் டி.எஸ். கிருஷ்ணா டிவிஎஸ் குடும்பத்துத் தொழிலதிபர். பெரிய வித்வான்கள் வீட்டுக்கு வந்து போகும் சூழல் இருந்தது. பாட்டைப் புத்தகமாக்கவும் முடிந்தது. அவ்வளவு இருந்தவருக்கே கச்சேரியில் கிடைத்தது கடைசிப் பத்து நிமிஷம் என்றால், ஒன்றுமே இல்லாதவர்களை என்ன சொல்வது?

ஆண்டவன் பிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மரகதம் என்ற பெயரில் 1899ல் பிறந்தவர். ‘உள்ளம் உருகுதய்யா’ அவருடைய பாட்டு. டி.எம். சௌந்தரராஜன் அதைப் பாடி ஊரெல்லாம் பரப்பியபோது, எழுதியவர் யார் என்பதே அவருக்குத் தெரியாது என்றும், பின்னால்தான் தெரிய வந்தது என்றும் சொல்வார்கள். தமிழ் பேசும் இடமெல்லாம் ஒலித்த பாட்டு, எழுதியவர் பெயர் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய நூற்றாண்டு 1999ல் வந்து போனது. கல்யாணி வரதராஜன் 1923ல் பிறந்தவர். தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களிலும் பாட்டு செய்தவர். அவற்றில் பாடக் கடினமான விவாதி மேளங்களையும் விட்டுவைக்கவில்லை. சாகித்யம் மட்டும் என்று அவரை ஒதுக்கவும் முடியாது. அவருடைய நூற்றாண்டு 2023. இன்னும் பின்னால் போனால் செங்கோட்டை ஆவுடையக்காள். அவருடைய வேதாந்தப் பாட்டுகளைத் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள், குறிப்பாகக் கைம்பெண்கள், வாய்மொழியாகவே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். எந்தச் சபாவும் அதற்கு உதவவில்லை, சபாக்களே அப்போது இல்லை.

பெயர் தெரிந்தவர்களே இத்தனை பேர். பாட்டி எழுதிய பாட்டு நோட்டுப் புத்தகம் பரணில் இருக்கிற வீடுகள் நம்மிடம் கொஞ்சமல்ல. நவராத்திரிக்குப் பாடியது, பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தது, ராகம் பெயர் மட்டும் மேலே எழுதி ஸ்வரம் எழுதாமல் விட்டது. பாடிக் காட்டக்கூடிய கடைசி ஆள் போய்விட்டால் அந்தப் பாட்டும் போய்விடும். ஒலிப்பதிவு வசதியும் ஆவணக் காப்பகமும் வைத்திருக்கும் சபாக்கள் உங்களில் இருக்கிறீர்கள். சீசன் இல்லாத மாதங்களில் வாரம் ஒரு நாள், “நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள், பாடிக் காட்டுங்கள், பதிவு செய்துகொள்கிறோம்” என்று ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள். இதற்குப் பெரிய நன்கொடையாளர் யாரும் தேவையில்லை. ஒரு மைக்கும், பொறுமையான ஓர் இளைஞரும் போதும். வருவதில் பத்தில் ஒன்று தேறினாலும் லாபம்தான்.

கல்லூரிகளிடம் கேட்பது வேறு. பெண் வாக்கேயக்காரர்கள் என்று வரலாற்றுத் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வைத்துவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தாளை மாணவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். செய்முறைப் பாடத்தில், கற்றுப் பாடிக்காட்ட வேண்டிய கீர்த்தனைப் பட்டியலில் வையுங்கள். இருபது வயதில் வாயில் ஏறிய பாட்டுதான் நாற்பது வயதில் மேடைக்கு வரும். போட்டிகள் நடத்துகிறவர்களும் இதைச் செய்யலாம். தியாகராஜருக்கு ஒரு பரிசு, தீட்சிதருக்கு ஒரு பரிசு என்று வைத்திருக்கிறீர்களே, அந்த வரிசையில் இன்னும் ஒன்று. பரிசுப் பணத்தைக் குறைத்து வைத்துவிடாதீர்கள், பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்புறம் கச்சேரிப் பட்டியல். பாட்டு எழுதியவர் பெயரும் மெட்டமைத்தவர் பெயரும் இரண்டும் வர வேண்டும். இது அருணாசலக் கவிராயருக்கும் பொருந்தும், அம்புஜத்துக்கும் பொருந்தும். சடகோபனோ ராமநாதனோ போட்ட மெட்டு என்றால் அதைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்கும் செய்யும் அநியாயம். பாடகர் மேடையில் ஒரு வரி சொன்னால் போதும், முப்பது விநாடிகூட ஆகாது. ஸ்பான்சர் பெயரைச் சொல்ல நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு.

2028 ஜூலையில் எம்.எல். வசந்தகுமாரிக்கு நூற்றாண்டு. இப்போதே யாரைத் தலைமை தாங்க அழைப்பது என்று பேச ஆரம்பித்திருப்பீர்கள். தாராளமாகக் கொண்டாடுங்கள், நானும் வருவேன். ஆனால் அதோடு இதையும் சேர்த்துச் செய்யலாம். அந்த விழாவில் பாட வரும் ஒவ்வொருவரிடமும், கச்சேரியில் விரிவாக எடுக்கும் உருப்படிகளில் ஒன்றாவது ஒரு பெண் செய்ததாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாடகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தியாகராஜர் மட்டும், சியாமா சாஸ்திரி மட்டும், ஒரே ராகம் மட்டும் என்று நீங்கள் கருப்பொருள் கொடுத்தபோதெல்லாம் பாடிக் கொடுத்தவர்கள்தானே அவர்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் சீசனிலேயே ஒரு கச்சேரி போடலாம். இரண்டரை மணி நேரத்துக்கு நானே ஒரு பட்டியல் யோசித்து வைத்திருக்கிறேன். வர்ணம் பாடகர் விருப்பம். அடுத்ததாக ‘அழகா அழகா’, நாலு ஆவர்த்தனம் ஸ்வரத்தோடு. பின்பு கல்யாணி வரதராஜனின் விவாதி மேளப் பாட்டு ஒன்று. விவாதி ராகம் பாடத் தயங்காத பாடகராக இருக்க வேண்டும். மெயினுக்கு முன்னால் விரிவாகப் பாடும் சப்-மெயின் கர்ணரஞ்சனி. முத்தையா பாகவதர் உருவாக்கிய ராகம், ஆலாபனை செய்து கேட்பது அபூர்வம். ‘ஓம் நமோ நாராயணா’வுக்கு முன்னால் பத்து நிமிஷம் அதை விரித்தால் பாட்டின் முகமே மாறும்.

மெயின் ரீதிகௌளை. சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனி நின்னுவினா’ இருக்கும்போது இதையா என்பீர்கள். அந்தப் பாட்டின் முன் எதுவும் நிற்காது என்பது எனக்கும் தெரியும். ஒரு நாளைக்கு மட்டும் அது ஓய்வெடுக்கட்டும். அவசரமில்லாத ஆலாபனை, ‘குருவாயூரப்பனே’, பல்லவியிலேயே நிரவல், இரண்டு காலத்திலும் ஸ்வரம், அப்புறம் தனி. முதல் தடவை கொஞ்சம் தடுமாறும், பரவாயில்லை. மூன்றாவது பாடகர் எடுக்கும்போது எந்த இடத்தில் நிரவல் நிற்கும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். தனி முடிந்து ராகமாலிகைக்கு ‘கண்ணனிடம் எடுத்துச் சொல்லடி’, கடைசியாக ‘உள்ளம் உருகுதய்யா’, ஆண்டவன் பிச்சை என்ற பெயரை மேடையில் சொல்லிவிட்டு.

பாடகர் யார், பக்கவாத்தியம் யார் என்பதெல்லாம் உங்கள் முடிவு. மத்தியானம் இரண்டு மணிக்கு, இலவச அனுமதியில், புதுப் பாடகர் ஒருவர் தலையில் மட்டும் இதைக் கட்டிவிடாதீர்கள். டிக்கெட் போட்டு, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபாக்களில் டிக்கெட் வாங்கிக் கேட்கும் ரசிகை ஒருத்தி